மஞ்சள் வளையக் குருவியும் மேற்றிராணியார் மனுவும்

1

போன தடவை இந்த இதழில் ரப்பர் பால் எடுக்கும் விதத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு ஊரிலிருந்து இரண்டு பேர் கடிதம் போட்டார்கள். மலாய் நாட்டில் புலி உண்டாமே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று குறைப்பட்டிருந்தார்கள். புலியை நான் பார்த்ததில்லை. குருவியைப் பார்த்திருக்கிறேன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், சம்பளத்துக்குப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தத் தடவை குருவியைப் பற்றித்தான்.

இந்தத் தோட்டத்தில் நான் கால் வைத்து இன்றோடு பத்தொன்பது வருடம் முடிகிறது. வந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவன், எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் மரம் சீவப் போகாமல் கிராணி வேலையில் உட்கார்ந்தேன். கிராணி என்றால் இங்கே கணக்கப்பிள்ளை. விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட வேண்டும். பத்து மணிக்குப் பால் நிறுக்க வேண்டும். பிறந்தவன், செத்தவன், காய்ச்சலில் படுத்தவன், ஓடிப்போனவன் எல்லாரையும் அவரவர் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இதற்கு நடுவில்தான் குருவி.

குருவியைப் பற்றி எழுதினால் என் மகள் ரோசாவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நடந்தது போன வருடம்.

2

எங்கள் துரைக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை, சீட்டாட்டம் இல்லை. குருவிப் பைத்தியம் மட்டும் உண்டு. அவருடைய பங்களாத் தோட்டத்தில் குண்டுக்கரிச்சான்கள் கூடு கட்டும். நம் பக்கத்திலும் இருக்கிற குருவிதான். ஆண் பளபளவென்று கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், பெட்டை சாம்பல் பூசியது போல இருக்கும். வாலைத் தூக்கிக்கொண்டு காலையில் பாடுமே, அதுதான்.

துரை வலை வைத்து அவற்றைப் பிடித்துக் காலில் வண்ண வளையம் மாட்டிவிடுவார். வளையம் மாட்டியதும் எனக்கு வேலை வந்துவிடும். எந்த ஆண் எந்தக் கம்பத்தில் பாடியது, எந்தப் பெட்டையைத் துரத்தியது, எதோடு கூடியது, கூட்டுக்கு இரை கொண்டுவந்தது யார் என்றெல்லாம் பெரிய நோட்டில் கட்டம் போட்டு எழுத வேண்டும். ரப்பர் விலை விழுந்த காலத்தில் பக்கத்துத் தோட்டங்களில் கிராணிகளைக்கூட ஊருக்கு அனுப்பினார்கள். என்னை அனுப்பவில்லை. என் கையெழுத்து துரைக்குப் பிடித்துப்போய்விட்டது. "நீ போனா நோட்டு யார் எழுதும்?" என்றார். ஊருக்குப் போக எனக்கிருந்த ஒரே வழியைக் குருவி அடைத்ததென்றுதான் சொல்ல வேண்டும்.

துரையின் தமிழ் மரம் சீவுகிறவர்களிடம் கற்ற தமிழ். மரியாதை விகுதி எதுவும் அதில் கிடையாது. தன் தாயாரைப் பற்றிப் பேசும்போதுகூட 'அவ வந்தா, அவ போனா' என்பார். கோபப்பட முடியாது.

நம் ஊர் மாதா கோயில் உபதேசியாரை நினைத்துக்கொள்வேன். கல்யாணப் பூசை நடக்கும்போதெல்லாம், "ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்க, ஒண்ணுக்கு ஒண்ணுன்னு எம்புட்டு ஒழுக்கமா இருக்கு" என்பார். துரையின் நோட்டை அவர் பார்த்திருந்தால் பிரசங்கத்துக்கு வேறு உதாரணம் தேடியிருப்பார். பங்களா வாசலில் சிவப்பு வளைய ஆணும் பச்சை வளையப் பெட்டையும் குடித்தனம். பால் கொட்டகைப் பக்கம் நீல வளைய ஆணுக்குத் தனிக் குடித்தனம். ஆனால் சிவப்பு அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது நீலம் வேலியைத் தாண்டி வந்து பச்சையோடு கூடிவிட்டுப் போனதை நானே இரண்டு தடவை பார்த்தேன். எழுதவும் செய்தேன், வெட்கத்தோடு.

நம் ஊரில் கம்பம் பக்கத்துக் கிணற்று மேட்டுத் தென்னைகளில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பற்றியும் துரையிடம் சொன்னேன். பாதி கட்டிய கூடுகள் நிறையத் தொங்கும், அவை சோம்பேறி ஆண்கள் விட்டுவிட்டுப் போனவை என்று சிறுவயதில் பேசிக்கொள்வோம் என்றேன். துரை விழுந்து விழுந்து சிரித்தார். ஆண் பாதிதான் கட்டுமாம். பெட்டை வந்து உள்ளே புகுந்து, நாரை இழுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் போய்விடுமாம். பிடித்துவிட்டால் ஆண் மீதியைக் கட்டி முடித்துவிட்டு, அடுத்த பெட்டைக்கு அடுத்த கூட்டை ஆரம்பிக்குமாம். குஞ்சு வளர்ப்பதெல்லாம் பெரும்பாலும் தாய் பாடு. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைச் சொல்ல எங்கோ பனி நாட்டில் பிறந்தவர் வேண்டியிருந்தது.

போன வருடம் பச்சை நாலு முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தபோது, சிவப்பை மரநாய் பிடித்துவிட்டது. தோட்டக்காரர் இரண்டு இறகையும் வளையம் மாட்டிய ஒற்றைக் காலையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மறுநாள் முட்டை பொரிந்தது. மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒரு புது ஆண் வந்து, சிவப்பு பாடிய அதே கம்பத்தில் ஏறிப் பாட ஆரம்பித்தது. துரை அதைப் பிடித்து மஞ்சள் வளையம் மாட்டினார்.

"கிராணி, இப்ப நல்லாப் பாரு," என்றார். "இவன் அந்தக் குஞ்சுக்கு அப்பன் இல்லே. என்ன செய்யும் பாப்போம். தூக்கி வெளியே போடும், இல்லே, பட்டினி போடும்."

அந்த வாரம்தான் அக்காவிடமிருந்து பதிவுத் தபால் வந்தது.

3

என் அக்கா அருளாயி உத்தமபாளையத்துக்கு அருகே எங்கள் மாதா கோயில் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அம்மா என்னைப் பெற்ற கையோடு போய்விட்டதால், பதினோரு வயதில் அவள்தான் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தாள். அவளுக்கு ஒரே மகன், இன்னாசி. எழுதப் படிக்கத் தெரிந்தவன். அக்கா சொல்லச் சொல்ல அவன்தான் கடிதம் எழுதுவான்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தம்பிக்கு மகள் பிறந்தால் அவள் அக்காள் மகனுக்கு. கேட்கக்கூட வேண்டாம், உரிமை. தம்பி வீட்டில் பெண் பிறந்தால் "மகள் பிறந்திருக்கிறாள்" என்று யாரும் அக்காளுக்குச் சொல்லியனுப்புவதில்லை. "உனக்கு மருமகள் பிறந்திருக்கிறாள்" என்றுதான் சொல்லியனுப்புவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். பதினெட்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய அந்த ஒரு வரிக்கு அக்கா ஊர் முழுக்கச் சீனி கொடுத்தாளாம்.

நாங்கள் கத்தோலிக்கர். அத்தை மகனும் மாமன் மகளும் கட்டக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். கட்டித்தான் ஆகவேண்டும் என்பது ஊர்ச் சட்டம். இரண்டுக்கும் நடுவில் மேற்றிராணியார், அதாவது பிஷப், இருக்கிறார். அவருக்கு மனுப் போட்டால் அந்த ரத்த உறவுக்கு விலக்குக் கொடுப்பார். எங்கள் ஊரில் பாதிக் கல்யாணம் அந்த விலக்கில்தான் நடக்கிறது.

பதிவுத் தபாலில் வந்தது அந்த மனுதான். மேலே என் தகப்பனார் பெயரும் தாயார் பெயரும். அங்கிருந்து இரண்டு கோடு. இடது கோட்டில் அக்கா, அவளுக்குக் கீழே இன்னாசி. வலது கோட்டில் நான், எனக்குக் கீழே ரோசம்மாள். இந்த ரத்த உறவு உண்மை என்று பெண்ணின் தகப்பன் தான் வசிக்கும் இடத்துப் பங்குச் சாமியார் முன்னிலையில் சுவிசேஷப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும்.

கூடவே அக்காவின் கடிதம். "ஏலே சவரி, நல்லாருக்கியா. இன்னாசிக்கு இருவத்திரண்டு முடியுது. உன் ரத்தம் என் வீட்டுக்கு வந்தாத்தான் எனக்கு உன்னயப் பாத்த மாதிரி இருக்கும். சாமியார் இந்தத் தாள அனுப்பச் சொன்னாக. சுருக்கா ஒப்பம் வச்சு அனுப்பு. பிள்ளைக்குச் சேல எடுத்து வச்சிருக்கேன்."

நான் அந்தத் தாளை மடித்துக் குருவி நோட்டுக்குள் வைத்தேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

4

ரோசா என் ரத்தம் இல்லை.

என் மனைவி அந்தோணியம்மாள் தேவதானப்பட்டிக்காரி. சந்தியாகு என்பவரைக் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவள். இரண்டு பேரும் இதே தோட்டத்தில் மரம் சீவினார்கள். இங்கே வந்த வருடமே சந்தியாகு காய்ச்சலில் ஆறு நாள் படுத்து இறந்துபோனார். அப்போது அவள் நாலு மாதக் கர்ப்பிணி. கூலியாட்களின் லயத்தில் தனியாக ஒரு பெண், அதுவும் அந்த நிலையில். கங்காணி ஒருவன் அவளைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தான். நான் அவளைக் கேட்டேன். இரக்கப்பட்டுக் கேட்டேன் என்று சொன்னால் பொய். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் அழகை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். அவள் யோசித்து இரண்டு வாரம் கழித்துச் சரி என்றாள்.

கல்யாணமான நாலாம் மாதம் ரோசா பிறந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும் சாமியார் வந்தபோது ஞானஸ்நானம். அன்று பதினேழு பிள்ளைகள். சாமியாருக்கு அவசரம். "தகப்பன் பெயர்?" என்றார். "சவரிமுத்து" என்றேன். எழுதிக்கொண்டார். ஒரு நொடிகூட ஆகவில்லை. பிள்ளை என் கையில்தான் இருந்தது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் வேறு பதில் எனக்குத் தோன்றவும் இல்லை.

ஊருக்குக் கல்யாணச் செய்தியையும் பிள்ளைச் செய்தியையும் ஒரே கடிதத்தில், தேதிகளை முன்னே பின்னே நகர்த்தி எழுதினேன். கைம்பெண்ணைக் கட்டினேன் என்று எழுதப் பயம். அந்தப் பயத்தில்தான், சந்தேகம் யாருக்கும் வராமலிருக்க, "உனக்கு மருமகள் பிறந்திருக்கிறாள்" என்ற வரியை நானாகவே சேர்த்தேன். மற்றவர்கள் சந்தோஷத்தில் எழுதும் வரியை நான் பூட்டுப் போடுவதற்காக எழுதினேன். அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

5

மஞ்சள் நாலு நாள் ஒன்றும் செய்யவில்லை. கம்பத்தில் பாடும், பச்சையைத் துரத்தும், நீலம் வந்தால் சண்டைக்குப் போகும். பச்சை ஒருத்தியே புழுவும் வெட்டுக்கிளியுமாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தாள். குஞ்சுகள் கத்துகிற கத்தல் என் நாற்காலிவரைக்கும் கேட்கும். நான் மனதுக்குள் மஞ்சளைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் காரியத்தை அதன் தலையில் கட்டிவிட்டேன் போலிருக்கிறது.

ஐந்தாம் நாள் காலையில் அது ஒரு பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு கூட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. எட்டிப் பார்த்தது. பறந்து போய்விட்டது, புழுவோடு. மறுபடி வந்தது. இந்தத் தடவை தலையை உள்ளே விட்டது. வெளியே வந்தபோது அலகில் புழு இல்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். தோட்டக்காரர் என்னவோ என்று ஓடி வந்தார். அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை ஊட்டியது.

துரையிடம் நோட்டைக் கொண்டுபோனேன். என் பிள்ளை பரீட்சையில் தேறியது மாதிரி இருந்தது எனக்கு. துரை வாசித்துவிட்டுப் புகைக்குழாயைத் தட்டினார்.

"நல்லவன் இல்லே அவன்," என்றார். "பொட்டைக்குக் காட்டுது. 'பாரு, நான் நல்லா ஊட்டும்' அப்படிச் சொல்லுது. இந்தக் குஞ்சு அவனுக்கு வேண்டாம். அடுத்த முட்டை அவன் முட்டை. அதுக்குத்தான் இந்த வேலை."

"அப்படி இல்லாமலும் இருக்கலாமே, துரை," என்றேன்.

"பின்னே என்ன? குருவிக்குத் தர்மம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் குஞ்சுகளுக்கான பக்கத்தைத் திருப்பினார். அதில் 'தகப்பன்' என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். "ஏன் எழுதல? சிவப்பு இருக்கும், நீலமும் இருக்கும். தெரியாது. கேள்விக்குறி போடு."

என்னால் போட முடியவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் கட்டத்தில் யாரும் கேள்விக்குறி போடுவதில்லை என்றேன். துரைக்கு நான் சொன்னது விளங்கவில்லை. தன் பேனாவை எடுத்துச் சிவப்பு மையில் தானே போட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தோணியம்மாளிடம் கொட்டித் தீர்த்தேன். அடுத்த குஞ்சுக்காக ஊட்டுகிறதாம், கேட்டாயா? எனக்கு அடுத்த குஞ்சே வரவில்லையே, நான் ஊட்டவில்லையா என்று கத்தினேன். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கு இம்புட்டுக் கோவம்? தொர குருவியத்தான சொன்னாக," என்றாள். பிறகு சட்டியை வைத்துவிட்டு, "அந்தக் காயிதத்துக்கு என்ன செய்யப் போறீக?" என்றாள்.

6

ரோசா இங்கே கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் தாதி வேலை கற்றுக்கொள்ள இடம் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தாள், அனுப்பவில்லை. அவளுடைய தமிழில் பாதி மலாய். கஷ்டம் என்று சொல்ல மாட்டாள், 'சூசா' என்பாள். முல்லையாற்றை நான் நாலு தடவை விவரித்தும் அது ஆறா, வாய்க்காலா என்று இன்னும் கேட்கிறாள். அவளுக்கு அது என் ஊர். ஒரு தடவைகூட 'நம்ம ஊரு' என்று அவள் வாயிலிருந்து வந்ததில்லை. கம்பம் பக்கத்து வெயிலில், முகம் தெரியாத அத்தை வீட்டில், களத்தில் நெல் தூற்றிக்கொண்டு இவள் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அக்காவின் கடிதத்தை அவளே எடுத்து வாசித்துவிட்டாள். நான் பால் நிறுத்துவிட்டு வந்தபோது அதை மேசைமேல் திருப்பி வைத்துவிட்டு நின்றாள்.

"மறுக்க முடியாதாப்பா?"

"அக்காளுக்கு உரிமை உண்டும்மா. பிறந்தப்பவே சொன்னது."

"நான் என்ன சொல்லணும்?"

"நீ என்ன நினைக்கிறே?"

"நீங்க என் அப்பா. நீங்க போன்னு சொன்னாப் போறேன்," என்றாள். சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் பின்பக்கம் போனாள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். தீனி முழுவதும் தீர்ந்த பிறகும் வெறும் முறத்தைத் தட்டிக்கொண்டு நின்றாள், கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

அன்று எனக்கு என் நிலை தெளிவாகத் தெரிந்தது. சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் நான் அவளுக்கு அப்பாவாகவே இருப்பேன், அவள் போய்விடுவாள். உண்மையைச் சொன்னால் அக்காளுக்கு உரிமை போய்விடும், அவள் தப்பிப்பாள், எனக்கு மகள் இருக்கமாட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே கட்டிய சுவர். மூன்று வாரம் அந்தத் தாளைக் குருவி நோட்டிலேயே வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினேன். அதற்குள் குஞ்சுகள் மூன்று பறந்துவிட்டன. நாலாவது செத்துப்போனது.

7

கடைசியில் ஒரு சனிக்கிழமை பட்டணத்துக் கோயிலுக்குப் போனேன். கையெழுத்துப் போடத்தான் போனேன், அதை மறைக்க வேண்டியதில்லை. வழியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வளர்த்தவன் அப்பன் இல்லையா, ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்கிறதே, ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டு கட்டிக்கொடுத்தார்கள் என்று.

அங்கே இருந்த வெள்ளைக்காரச் சாமியார் புத்தகத்தமிழ் பேசுகிறவர். மனுவை வாசித்தார். மேசைமேல் சுவிசேஷத்தை வைத்தார். நான் கை வைத்தேன். "இவ்விருவரும் ஒரே பாட்டன் பாட்டியின் இரத்தத்தில் உதித்தவர்கள் என்று சத்தியமாகச் சொல்லுகிறீரா?" என்றார்.

இல்லாத ரத்தத்துக்கு மேற்றிராணியாரிடம் விலக்குக் கேட்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு முழுதாக உறைத்தது. கையை எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

சாமியார் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மனுவை இன்னொரு தடவை பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியானால் தடை ஏதும் இல்லையே, மகனே! விலக்கும் தேவையில்லை. அவர்கள் நாளைக்கே மணம் செய்துகொள்ளலாம்," என்றார்.

சட்டப்படி அவர் சொன்னது சரி. திருச்சபைக்குத் தடையாக இருந்த ரத்தம்தான் ஊருக்கு உரிமை. அது இல்லையென்றால் கோயில் கதவு திறக்கும், அக்கா வீட்டுக் கதவு மூடும். அது மூடவேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

8

சொல்லப்போகிறேன் என்றதும் அந்தோணியம்மாள் முறைத்தாள். "எம்புருசனப் பத்தி எம்மகட்டச் சொல்ல நீங்க யாரு? நான் சொல்றேன்," என்றாள். பதினெட்டு வருடத்தில் அவள் சந்தியாகுவைப் 'புருசன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சுருக்கென்றது. அவளிடமே விட்டுவிட்டேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். "ரோசா, உன்னப் பெத்தவுக பேரு சந்தியாகு. நீ வயித்துல இருக்கையில காய்ச்சல்ல போயிட்டாக. இவுக உன்னயும் என்னயும் சேத்து எடுத்துக்கிட்டாக," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை.

ரோசா அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் எதையெதையோ எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். எழுந்து போய்விடுவாள், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாள், அந்த மனிதர் எப்படியிருப்பார் என்று கேட்பாள். அந்தக் கேள்விகளெல்லாம் பிறகு, பல நாட்களில், ஒவ்வொன்றாக வந்தன. அன்று அவள் முதலில் கேட்டது வேறு.

"அப்ப நான் அங்கன போக வேண்டாம்தானே, அப்பா?"

அவள் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. என்னைத் தகப்பனில்லை என்று சொன்ன நேரத்தில் என் மகள் முகம் மலர்ந்தது. பதினெட்டு வருடம் நான் அவளுக்கு என்னவாக இருந்தேன் என்று தெரியவில்லை, அந்த மூன்று வாரம் சுவராக இருந்தேன் என்பது தெரிந்தது. வலித்தது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. கடைசிச் சொல்லை அவள் நினைத்துச் சொன்னாளா, பழக்கத்தில் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

அக்காளுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். சந்தியாகு, தேதி மாற்றியது, எல்லாம். மன்னிப்புக் கேட்டேன். ரத்தம் இல்லையென்று தெரிந்தபின் அவளாகவே வேண்டாம் என்றுவிடுவாள், பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று நம்பினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது.

"ஏலே சவரி, உன் காயிதத்த இன்னாசி வாசிக்க வாசிக்க ரெண்டு நாள் நான் கஞ்சித் தண்ணி குடிக்கல. நீ எங்கிட்டப் பொய் சொன்னியேன்னு அழுதேன், பிள்ளைய நினச்சு அழல. பெத்தா என்ன, வளத்தா என்ன. நானும் உன்னயப் பெத்தா வளத்தேன்? நீ தூக்கி வளத்த பிள்ள என் தம்பி மகதான். ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசினாக. அவுக வாய நான் அடச்சிட்டேன். சாமியாரும் மேற்றிராணியார் உத்தரவே வேண்டாமின்னு சொல்லிட்டாக. வேல சுளுவாப் போச்சு. தை மாசம் பிள்ளையக் கூட்டிட்டு வந்து சேரு."

வாழ்க்கையில் முதல்தடவையாக என் அக்கா கொஞ்சம் சின்னப் புத்திக்காரியாக இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். அவள் குணத்தை நான் மறந்துபோயிருந்தேன். இத்தனை வருடம் கடல் கடந்து இருந்தால் இதுதான். ஊரின் குணம் ஞாபகம் இருக்கிறது, ஊரில் இருக்கிறவளின் குணம் மறந்துபோகிறது.

ஒளிந்துகொள்ள இனி ஒன்றும் மிச்சமில்லை. ரத்தம் போய்விட்டது, சட்டம் போய்விட்டது. ரோசாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். துரை விடுப்புத் தரவில்லை என்று ஒன்று எழுதிக் கிழித்தேன். நம் பக்கத்தில் உரிமைப் பெண்ணை மறுக்க எத்தனையோ வழி உண்டு, யாருக்கும் மனத்தாங்கல் வராது. பெண்ணுக்கு விருப்பமில்லை என்று மட்டும் சொல்லக்கூடாது. அதைச் சொன்ன வீட்டோடு அக்காள் தம்பி உறவே அறுந்துபோனதை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுச் சாவுக்குக்கூட அவர்கள் வரவில்லை.

ரோசாவின் விண்ணப்பத்தை நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன். திரும்பி வந்து எழுதினேன். "அக்கா, பிள்ளைக்கு விருப்பமில்லை. நான் அனுப்பமாட்டேன். சவரிமுத்து."

அதற்குப் பிறகு அக்காளிடமிருந்து கடிதம் வரவில்லை. நான் போட்டவை பிரிக்காமல் திரும்பி வருகின்றன. இந்த இதழை இன்னாசி அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். இன்னாசி, குருவி சமாசாரத்தை வேண்டுமானால் விட்டுவிடு, இந்தக் கடைசி வரியை மட்டும் உன் அம்மாவுக்குச் சத்தமாக வாசி. அக்கா, நான் சொன்ன பொய்யை இரண்டு நாளில் மன்னித்துவிட்டாய், இந்த உண்மையையும் மன்னித்துவிடு.